காவிரியில் தூண்டில் போடவும் முதலை பார்க்கவும்

கேள்வி: சேலத்தில் இருக்கிறோம். பொங்கல் விடுமுறையில் 8, 11 வயதுப் பிள்ளைகளோடு ஒகேனக்கல் போய் மீன் பிடிக்க ஆசை. அப்படியே முதலை, நீர்நாய் எல்லாம் பார்க்கலாமா?

இரண்டும் முடியும், ஒரே இடத்தில் அல்ல. ஒகேனக்கலுக்கு மேலே கர்நாடகக் கரை காவிரி வனவிலங்கு சரணாலயம். நம் பக்கம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகள் 2022-இல் காவிரி தெற்கு சரணாலயம் ஆகிவிட்டன. சரணாலயத்துக்குள் தூண்டில் வேண்டவே வேண்டாம். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவந்த கர்நாடகத் தூண்டில் முகாம்களிலேயே தூண்டில் போடுவதை நிறுத்திவிட்டார்கள். காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத கூன்முதுகு மஷீர் மீன் அழிவின் விளிம்பில் இருப்பது அங்கேதான்.

எனவே ஒகேனக்கலை முதல் நாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தை மாதக் குளிரில் முதலைகள் வெயில் ஏறியதும் பாறையில் வந்து கிடக்கும். பரிசலில் போகும்போது பாறைகளையே பார்த்துக்கொண்டிருங்கள். நீர்நாய்க்கு அதிர்ஷ்டம் வேண்டும். பாம்புத்தாரா, நீர்க்காகம் ஆகிய நீர்ப்பறவைகள் அநேகமாக ஏமாற்றாது. பிள்ளைகள் தண்ணீரில் கால் தொங்கவிடக் கூடாது. யானைகள் தண்ணீருக்கு இறங்கும் நேரம் என்பதால் இருட்டும்முன் கரையை விட்டு வந்துவிடுங்கள்.

மறுநாள் மேட்டூர் அணைக்குக் கீழே காவிரிக் கரையில் இருக்கும் பூலாம்பட்டிப் பக்கம் போங்கள். கதவணை தேக்கிய தண்ணீர் ஆழமானது; கதவுகள் பக்கம் போகாமல், ஆழமில்லாத கரையையும், மீன் பிடிக்கும் உரிமை யாருக்கு என்பதையும் ஊர் மீனவர்களிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். விலை உயர்ந்த ராடு பிள்ளைகளுக்குத் தேவையே இல்லை. மூங்கில் கம்பு, நரம்பு (தூண்டில் நூல்), சோளத்தட்டைத் தக்கை, சின்னத் தூண்டில் முள், மண்புழு: ஜிலேபி மீனுக்கு இது தாராளம். கெண்டை வேண்டுமென்றால் கோதுமை மாவு உருண்டை. முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் பிசிறைக் குறடால் அழுத்தி மட்டமாக்கிவிடுங்கள். விரலில் குத்தினாலும் சுலபமாக வந்துவிடும். கெளுத்தி மாட்டினால் பெரியவர்கள்தான் கழற்ற வேண்டும், அதன் துடுப்பு முள் குத்தினால் வலி உயிர் போகும். அறுந்த நரம்பைச் சுருட்டி எடுத்து வாருங்கள், நீர்ப்பறவைகளின் கால் அதில்தான் சிக்குகிறது.

மேட்டூரில் பாசனத் திறப்பு வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. அதனால் பொங்கலுக்கு ஆற்றில் ஓட்டம் இருக்கும். கிளம்பும் அன்று காலை திறப்பு எவ்வளவு என்று செய்தியில் பாருங்கள். அதிகம் என்றால் அன்றைக்குத் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.