சாலாமிசிரி: நான்கு கேள்விகள்

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சாலாமிசிரி கைவிரல் மாதிரி பிரிந்திருக்கிறது. இது என்ன செடி? (பாலக்கோடு)

ஆர்க்கிட் கிழங்கு. விரல் விரலாக இருந்தால் பெரும்பாலும் டாக்டைலோரைசா, அதாவது இமயமலையின் ஈரப் புல்வெளிகளில் 2,500 மீட்டருக்கு மேலே ஊதாப் பூவோடு நிற்கிற சதுப்பு ஆர்க்கிட். வடக்கே சாலம் பஞ்சா என்பார்கள். உருண்டையாக இருந்தால் வேறு ஆர்க்கிட்டாக இருக்கலாம், ஆர்க்கிட்டே இல்லாமலும் இருக்கலாம். பொடியாக மட்டும் வாங்காதீர்கள், இடித்த பிறகு எது என்னவென்று கண்ணால் சொல்ல முடியாது.

பாலில் போட்டால் கட்டி தட்டுகிறது. (காவேரிப்பட்டணம்)

கொதிக்கிற பாலில் நேராகக் கொட்டியிருப்பீர்கள். ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் போதும். ஆறிய பாலில் கரைத்து, அப்புறம் அடுப்பில் வைத்து, ராகிக் கூழ் காய்ச்சுவது போலச் சிறு தீயில் கை விடாமல் கிண்டினால் கொஞ்ச நேரத்தில் கரண்டியில் ஒட்டி மெதுவாக வழியும். அதிலுள்ள குளுக்கோமன்னன் என்ற நார்ப்பொருள் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஊதுவதுதான் காரணம். துருக்கியில் இதையே சலேப் என்று குளிர்காலத்தில் மேலே பட்டைத்தூள் தூவிக் குடிக்கிறார்கள், மராஷ் ஊர் ஐஸ்கிரீமைக் கத்தியால் அறுத்துச் சாப்பிட முடிவதும் இந்தப் பொடியால்தான். ஆண்மை, வீரியம் என்று கடைக்காரர் சொல்வதெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை, வயிறு நிறையும். விலை கட்டுப்படியாகாவிட்டால் கூவைக்கிழங்கு மாவு போடுங்கள், ருசியில் பெரிய நஷ்டம் இல்லை.

அஞ்செட்டிக் காட்டில் மழைக்காலத்தில் தரையில் ஆர்க்கிட் பூக்கிறது. தோண்டிச் சாப்பிடலாமா? (தேன்கனிக்கோட்டை)

வேண்டாம். காப்புக்காட்டில் தோண்டினால் வழக்கு வரும், அது ஒரு பக்கம். பூ உதிர்ந்த பிறகு கிழங்கை மட்டும் பார்த்து எடுப்பவர் கையில் கண்வலிக் கிழங்கு சிக்கினால் என்ன ஆவது? அதிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது, உயிரையே எடுக்கும். இன்னொன்று, ஒரு கிலோ சலேப் பொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் கிழங்கு வேண்டும், கிழங்கை எடுத்தால் செடியும் போச்சு. ஜாம்பியாவில் ஆர்க்கிட் கிழங்கை வேர்க்கடலையோடு இடித்து சிக்கண்டா என்று கெட்டியாக வேகவைத்துத் துண்டு போட்டுத் தின்பார்கள். அங்கே தோண்டித் தோண்டி அருகிப்போய், இப்போது தான்சானியா மலைகளிலிருந்து கிழங்கு வருகிறது.

ஓசூரில் பசுமைக்குடில் இருக்கிறது. சதுப்பு ஆர்க்கிட் போடலாமா?

விதை தூசு மாதிரி, உள்ளே உணவே கிடையாது, மண்ணிலுள்ள பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். அதற்கு மேல் இமயமலைக் குளிர் வேறு வேண்டும். ரோஜாவையே போடுங்கள்.