பொருளாளரும் தேன் பானையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி ஆய்வாளர்களின் சங்கம் ஒன்றில் பொருளாளர் பதவிக்கு நிற்பதாகப் போன வாரம் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருக் கோயில் கும்பாபிஷேகக் கமிட்டிக்கு இரண்டு வருடம் பொருளாளராக இருந்து, ‘தேனெடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான்’ என்பதைக் காதுபடக் கேட்டவன். கணக்கெழுத வேறு ஆளா கிடைக்காது? ஆராய்ச்சியும் எழுத்தும் இருக்கும்போது உங்களுக்கு எதற்கு இந்த வேலை?

வாசகர், கும்பகோணம்

அன்புள்ள ஐயா,

முதலில் புறங்கை விவகாரம். நான் நிற்பது ஏ.சி.எம். என்ற கணினிச் சங்கத்தின் துறைவாரிக் குழுக்களில் ஒன்றில். 1947-இல் நியூயார்க்கில் தொடங்கிய சங்கம் அது. ரசீது, காசோலை, வரி, தணிக்கை எல்லாவற்றையும் தலைமை அலுவலகத்துச் சம்பள ஊழியர்களே பார்த்துக்கொள்கிறார்கள். தேன் என் கைக்கே வராது. சம்பளமும் கிடையாது.

அப்புறம் பொருளாளருக்கு என்னதான் வேலை? மாநாட்டு பட்ஜெட்தான் பெரிய வேலை. மற்ற துறைகளில் ஆய்விதழ் எப்படியோ, கணினித்துறையில் மாநாடு அப்படி. கட்டுரை ஏற்கப்பட்டால் எழுதியவர்களில் ஒருவராவது கட்டணம் கட்டிப் போய்ப் பேசியாக வேண்டும். மாநாட்டில் மிஞ்சியது குழுவின் கணக்கில் சேரும். கையைக் கடித்தால் அதையும் குழுதான் தாங்க வேண்டும்.

கல்யாணச் சமையல் பேசியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். ஐந்நூறு இலை என்று சொல்லிவிட்டால், முந்நூறு பேர் வந்தாலும் ஐந்நூறு இலைக்குத்தான் காசு. ஹோட்டல்காரர்களும் அப்படித்தான். இத்தனை அறைகள் நிரம்பும் என்று ஓரிரு வருடத்துக்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மாணவர்கள் பக்கத்துத் தெருவில் மலிவாக அறை எடுத்துத் தங்கினால், நிரம்பாத அறைக்குக் குழு தண்டம் கட்ட வேண்டும். அமெரிக்கப் பெருநகர ஹோட்டலில் ஒரு காலன் காபி, அதாவது நாலு லிட்டர்கூட இல்லை, நூறு டாலருக்கு மேல் போகும். கும்பகோணத்துக்காரரிடம் அந்தக் காபியின் ருசியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

2020 மார்ச்சில், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், கணினிக் கல்விக்கான குழுவின் ஆண்டு மாநாடு. ஆட்கள் வந்து இறங்கி, முன்நிகழ்வுகளும் நடந்துவிட்டன. 11-ஆம் தேதி இரவு, 250 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று மாநில ஆளுநர் அறிவித்தார். மறுநாள் காலை மாநாடு ரத்து. அப்படி ஒரு காலையைக் கடக்கக் கையிருப்பு வேண்டும். அதனால் ‘எல்லாவற்றையும் செலவழியுங்கள்’ என்று சொல்கிற ஆள் இல்லை நான்.

ஆனால் அந்தக் காலையைக் காரணம் காட்டியே பணத்தைப் பூட்டி வைப்பதும் நடக்கிறது. பானையை யாராவது நக்கிவிடுவார்களோ என்பதைவிட, அதை யாரும் திறக்கவே மாட்டார்களோ என்பதுதான் என் கவலை. கட்டுரை தேர்வான ஒரு மாணவிக்குக் கடைசி வாரத்தில் விசா மறுக்கிறார்கள். கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்குமா? இது தூதரகத்தின் தயவில் இல்லை, பட்ஜெட்டில் அதற்கென்று ஓர் ஒதுக்கீடு இருக்கிறதா என்பதில் இருக்கிறது. மாணவர் கட்டணம், பயண உதவி, குழந்தையோடு வருகிறவர்களுக்கான ஏற்பாடு எல்லாமே அப்படித்தான். ஆய்வு உலகத்துக்குள் யார் வருவது என்பதில் பாதியை அந்த பட்ஜெட் விரிதாள்தான் முடிவு செய்கிறது. கணக்கெழுத ஆள் கிடைப்பார், சரி. அந்த ஒதுக்கீட்டை எழுதச் சொல்லிச் சண்டை போட ஓர் ஆய்வாளர் வேண்டாமா?

இப்போது நிற்க இன்னொரு காரணமும் உண்டு. 2026 ஜனவரியிலிருந்து ஏ.சி.எம். வெளியிடும் கட்டுரைகளை யாரும் காசில்லாமல் படிக்கலாம். நல்ல காரியம், எப்போதோ செய்திருக்க வேண்டியது. இதுவரை நூலகச் சந்தாவில் வந்த பணம் இனி எழுதுகிறவர்களின் நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும். நிறுவனம் அதற்கான ஒப்பந்தத்தில் சேராவிட்டால் மாநாட்டுக் கட்டுரை ஒன்றுக்கு, மானியம் போக, 2026-இல் உறுப்பினர் 250 டாலரும் மற்றவர்கள் 350 டாலரும் கட்ட வேண்டும். ஏழை நாடுகளுக்கு விலக்கும் சலுகையும் இருக்கின்றன. ஆனாலும் படிக்கிற வாசலைத் திறந்துவிட்டு எழுதுகிற வாசலில் டிக்கெட் கிழிக்கிறோமோ என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது. குழுக்களின் வருமானத்தில் ஏ.சி.எம்.-இன் டிஜிட்டல் நூலகத்திலிருந்து வந்த பங்கும் உண்டு என்பதால் அடுத்த சில வருட பட்ஜெட் பழையபடி இருக்காது.

சுவரொட்டி, மைக் செட் எதுவும் இல்லாத தேர்தல் இது. ஒரு சிறு அறிக்கை எழுதிக் கொடுத்தேன், வாக்குச்சீட்டு மின்னஞ்சலில் போகும், அவ்வளவுதான். எதிரே நிற்பவர் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர். நான் தோற்றால் அது ஓர் ஆச்சரியமாக இருக்காது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கும்பாபிஷேகம் முடிந்து மிச்சம் எவ்வளவு இருந்தது, அதை வைப்புநிதியில் போட்டீர்களா, இல்லை கமிட்டி வேறு ஏதாவது செய்ததா? யார் யார் சண்டை போட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு உதவும்.