மைனர் சொத்தை அப்பா விற்கலாமா? வாசகர் கேள்விகளுக்குச் சட்ட பதில்கள்

கேள்வி: பாட்டி தன் வீட்டை என் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். எனக்கு 17 வயது. அதை விற்பதற்கு அப்பா அட்வான்ஸ் வாங்கிவிட்டார். "நீ மேஜராகும் வரை எனக்குத்தான் அதிகாரம்" என்கிறார். தடுக்க வழி உண்டா?
- பிளஸ் டூ மாணவர், தஞ்சாவூர்

பதில்: உண்டு. அப்பா உங்கள் சொத்துக்குக் காப்பாளர்தான், உரிமையாளர் நீங்கள். இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956-இன் 8-ஆம் பிரிவுப்படி, மைனரின் வீடு, நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ காப்பாளர் முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் அனுமதி தேவை. சொத்து இருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். மைனரின் தேவைக்காக, அல்லது மைனருக்குத் தெளிவான நன்மை என்றால்தான் அனுமதி கிடைக்கும். அப்பாவின் தொழில் கடன் உங்கள் தேவை ஆகாது.

பலர் ஏமாறுவது இங்கேதான்: அனுமதி இல்லாமல் பதிவான கிரயப் பத்திரம் தானாகச் செல்லாமல் போய்விடாது. நீங்கள் மறுக்கும் வரை அது நிற்கும். மேஜரானதிலிருந்து 3 ஆண்டுக்குள், அதாவது 21 வயது நிறைவதற்குள், ரத்து கோரி வழக்குப் போட்டுவிடுவதே பாதுகாப்பு. அதற்குள் "விற்பனைக்குச் சம்மதம்" என்று கையெழுத்துப் போட்டாலோ பணத்தில் பங்கு வாங்கினாலோ வழக்கு பலவீனமாகிவிடும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அம்மாவோ தாய்மாமாவோ உங்கள் சார்பில் 'அடுத்த நண்பர்' என்ற நிலையில் இப்போதே தடையுத்தரவு கேட்கலாம். செட்டில்மென்ட் பத்திர நகல், உங்கள் பிறப்புச் சான்றிதழ், புதிய வில்லங்கச் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும். வாங்க இருப்பவருக்கும் வக்கீல் நோட்டீஸ் போகட்டும். பிறகு "சொத்து மைனருடையது என்று தெரியாது" என அவர் சொல்ல முடியாது.

பிரிக்கப்படாத பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தை குடும்பத் தலைவர் விற்றால் இந்த 8-ஆம் பிரிவு பொருந்தாது. அங்கே குடும்பத் தேவைக்காக விற்றாரா என்பதே கேள்வி. 1956 சட்டம் இந்துக்களுக்கானது. இஸ்லாமியர், கிறிஸ்தவர் வழக்கு வேறு விதிகளில் நடக்கும்.

கேள்வி: மகனுக்கு 16 வயது. டியூஷனுக்கு ஸ்கூட்டரில் போக லைசென்ஸ் எடுத்துத் தரலாமா?
- இல்லத்தரசி, மதுரை

பதில்: லைசென்ஸ் கிடைக்கலாம், ஆனால் உங்கள் ஸ்கூட்டருக்கு அது செல்லாது. 16 வயதில் அனுமதி 50 சிசி வரை உள்ள, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே. இன்று கடைகளில் விற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல். மீறி ஓட்டிப் பிடிபட்டால் வண்டி உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ 3 ஆண்டு வரை சிறை, ரூ.25,000 அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, மகனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. விபத்தில் அடுத்தவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் நஷ்டஈடு கொடுத்தாலும், அதை உங்களிடமிருந்து வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். "சாவியை அவனாகவே எடுத்தான்" என்பதை நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையது. மணிக்கு 25 கி.மீ.க்கும் 250 வாட்டுக்கும் குறைந்த மின் வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம். வாங்கும்போது அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு 18 ஆக ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் கல்யாணம் முடிக்க வீட்டில் ஏற்பாடு நடக்கிறது. நான் சம்மதித்தால் அது செல்லுமா?
- வாசகி, தருமபுரி

பதில்: உங்கள் சம்மதம் இருந்தாலும் அது குழந்தைத் திருமணம்தான், நடத்தி வைப்பவர்களுக்கு 2 ஆண்டு வரை சிறையும் ரூ.1 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். விருப்பம் இல்லையென்றால் இன்றே 1098-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. மாவட்ட சமூக நல அலுவலரிடமும் சொல்லலாம். மாஜிஸ்திரேட் தடையாணை பிறப்பித்த பிறகு நடக்கும் திருமணம் செல்லவே செல்லாது. ஒருவேளை திருமணம் நடந்து முடிந்துவிட்டாலும், மேஜராகி 2 ஆண்டுக்குள் அதை ரத்து செய்யக் கோரும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.