சராசரி வாசகர் எங்கே இருக்கிறார்?

கேள்வி: அகலத்தாள் (பெரிய அளவு) நாளிதழ், டேப்ளாய்டு (சிறிய அளவு) நாளிதழ் இரண்டிலும் வாக்கியங்களின் சராசரி நீளத்தை எண்ணி, எது வாசிக்க எளிது என்று புள்ளியியல்படி சொல்லிவிட முடியுமா? (ஒரு மாணவி)

பதில்: 'சராசரி' என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை. நான் உதவி ஆசிரியராக இருந்தபோது என் பத்திகளை வெட்டிய மூத்தவர் ஒருவர், "சராசரி வாசகருக்குப் புரியாது" என்பார். எத்தனையோ வாசகர்களைச் சந்தித்துவிட்டேன், அப்படி ஒருவரை இன்னும் பார்க்கவில்லை.

உங்கள் கணக்கிலும் அவர்தான் ஒளிந்திருக்கிறார். ஒரு செய்தியில் பத்து வாக்கியம் என்று வையுங்கள். ஒன்பதில் எட்டெட்டுச் சொல், பத்தாவதில் 58. மொத்தம் 130, சராசரி 13. ஆனால் 13 சொல் வாக்கியம் அதில் ஒன்றுகூடக் கிடையாது! இடைநிலை அளவு, அதாவது நீள வரிசைப்படி அடுக்கினால் நடுவில் வருவது, 8. படிப்பவருக்கு மூச்சு முட்டுவதோ அந்த 58இல். அதனால் ஒரே நாளில் வந்த ஒரே செய்தியை இரண்டு தாள்களிலும் எடுத்து, நீளங்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்று பாருங்கள். ஒன்றின் தலையங்கத்தை இன்னொன்றின் விளையாட்டுப் பக்கத்தோடு ஒப்பிடாதீர்கள்.

சரி, நீளம்தான் கடினமா? "நேற்று ராத்திரி பெய்த மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்த பையன் வாசலில் நின்று கதவைத் தட்டினான்." பதினொரு சொல், குழந்தைக்கும் புரியும். "மேல்முறையீட்டு மனு விசாரணைக்கு ஏற்புடையதன்று." நாலே சொல். வழக்கு என்ன ஆயிற்று என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியிருக்கும். இந்த 'ஏற்புடையதன்று', 'மேற்கொள்ளப்பட்டது' வகையறாவை என் மேசையைத் தாண்ட விட்டதில்லை, இனியும் விடமாட்டேன்.

எழுத்து வாசிக்க எவ்வளவு எளிது என்று அளக்க, ஆங்கிலத்துக்கு ருடால்ஃப் ஃப்ளெஷ் 1948இல் தந்த சூத்திரமும், ராபர்ட் கன்னிங் 1952இல் தந்த 'ஃபாக்' குறியீடும் வாக்கிய நீளத்தோடு சொல்லின் அசைகளையும் எண்ணுகின்றன. கன்னிங் கணக்கில் மூன்று அசையோ அதற்கு மேலோ இருந்தால் கடினச் சொல். அதை அப்படியே தமிழில் போட்டால் 'அம்மாவுக்கு' கடினச் சொல்லாகிவிடும். அம்-மா-வுக்-கு, நான்கு அசை! வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

எனக்குப் பிடித்தது 1953இல் வில்சன் டெய்லர் சொன்ன வழி. செய்தியில் ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் அழித்துவிட்டு, படிப்பவரையே நிரப்பச் சொல்வது. எத்தனை கோடிட்ட இடம் சரியாக நிரம்புகிறதோ அதுதான் மதிப்பெண். இரண்டு தாள்களிலும் அப்படிச் செய்து, முப்பது பேரிடம் கொடுங்கள். வரும் எண்களை எனக்கு அனுப்புங்கள், சராசரி போடாமல்.