ஒன்ராறியோவில் இயற்கைப் பிரசவத்துக்கு மருத்துவமாதைத் தெரிவுசெய்தல்

அன்புள்ள தங்கைக்கு,

கணவரின் படிப்புக்காக அண்மையில் ரொறன்ரோவுக்கு வந்திருப்பதாகவும், இரண்டு மாதக் கர்ப்பிணியாக இருப்பதாகவும், ஓஹிப் எனப்படும் ஒன்ராறியோ மாகாண மருத்துவக் காப்புறுதி அட்டை இல்லாத நிலையில் இயற்கைப் பிரசவத்துக்குத் துணைநிற்கும் மருத்துவமாது ஒருவரை எப்படித் தேடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். அட்டையைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். மிட்வைஃப் எனப்படும் மருத்துவமாதரின் பராமரிப்புச் செலவை மாகாண அரசே ஏற்கிறது. ஒன்ராறியோவில் வசிப்பவராக இருந்தால், ஓஹிப் இல்லாதவரும் அதைக் கட்டணமின்றிப் பெறலாம். ஆனால் வைத்தியசாலையில் பிள்ளை பெறுவதாயின், அங்கு தங்கும் செலவு தனியாக வரக்கூடும். அது சிறிய தொகையாக இராது என்பதால் முதற் சந்திப்பிலேயே விசாரியுங்கள்.

குடும்ப வைத்தியரின் கடிதம் தேவையில்லை. மருத்துவமாதர் பணியாற்றும் நிலையத்தை நீங்களே நேரடியாக அழைக்கலாம். ஆனால் இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால் இந்தக் கிழமையே அழையுங்கள். ஒரே நிலையத்தை நம்பியிராமல் இரண்டு மூன்று இடங்களில் பெயர் கொடுத்து வையுங்கள். தகுதியைப் பற்றி ஐயம் வேண்டாம். 1994 முதல் இது இங்கே சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். இங்கு படித்தவர்கள் நான்காண்டுப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள். பதிவு பெற்ற ஒவ்வொருவரின் பெயரும், இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒன்ராறியோ மருத்துவமாதர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் பலரும் கவனிக்கத் தவறும் விடயம் ஒன்றுண்டு. நீங்கள் தெரிவுசெய்வது ஒருவரை மட்டுமன்று, ஒரு சிறு குழுவையே. மருத்துவமாதர் முறைவைத்துப் பணியாற்றுவதால், மாதக்கணக்கில் உங்களைப் பார்த்துவந்தவர் பிரசவ நாளன்று ஓய்வில் இருக்கக்கூடும். அன்று வருபவரும் அதே எண்ணம் கொண்டவர்தானா என்பதே உங்களுக்கு முக்கியம். ஆகவே குழுவில் உள்ள மற்றவர்களையும் முன்கூட்டியே சந்திக்க முடியுமா என்று கேளுங்கள். அதேபோல, அவர்கள் எந்த வைத்தியசாலையில் பிரசவம் பார்க்க அனுமதி பெற்றவர்கள் என்பதும், அந்த வைத்தியசாலையின் விதிகளும் உங்கள் பிரசவத்தைப் பெரிதும் தீர்மானிக்கும். வலியை மரக்கச் செய்ய முதுகில் போடும் எபிடியூரல் ஊசி போட்டாலோ, வலியைத் தூண்டும் மருந்து ஏற்றினாலோ, சில வைத்தியசாலைகளில் மருத்துவமாதே தொடர்ந்து பொறுப்பில் இருப்பார். சிலவற்றில் பொறுப்பு வைத்தியரிடம் போய்விடும். வீட்டிலோ, ரொறன்ரோ பிரசவ மையம் போன்ற இடத்திலோ பெற்றெடுக்கும் தெரிவும் உண்டு. 2014 இல் திறக்கப்பட்ட அந்த மையத்தை நடத்துபவர்கள் மருத்துவமாதரே.

சந்திப்பில் "நீங்கள் இயற்கைப் பிரசவத்தை ஆதரிப்பவரா?" என்று கேட்டுப் பயனில்லை, எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள். நடைமுறையைக் கேளுங்கள். குறித்த நாள் கடந்தால் எவ்வளவு காலம் பொறுத்திருப்பார்கள்? வலி தொடங்குமுன் பனிக்குடம் உடைந்தால் என்ன செய்வார்கள்? பிரசவம் மெதுவாக நகர்ந்தால் எப்போது தலையிடுவார்கள்? கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீற்றர் விரிந்தே ஆகவேண்டும் என்ற பழைய கணக்கைக் கொண்டு ஆரோக்கியமான தாயை அவசரப்படுத்தக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018 இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. வலியின்போது நடமாடவும், விரும்பிய நிலையில் இருக்கவும், உண்ணவும் குடிக்கவும் இடமுண்டா என்பதையும் மறவாமல் கேளுங்கள்.

என் இரண்டாவது பிரசவத்தில், நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து நின்றிருந்தேன். மருத்துவமாது என்னைப் படுக்கச் சொல்லவில்லை. அவரே தரையில் முழந்தாளிட்டு, கையடக்க டொப்ளர் கருவியை என் அடிவயிற்றில் வைத்து, வலி தணிந்த பின்பும் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டு எழுந்தார். இப்படி வேளைக்கு வேளை கேட்பதே ஆபத்துக் குறைந்த பிரசவத்துக்கு ஏற்ற முறை. எந்நேரமும் இயந்திரத்தோடு பிணைத்து வைக்கத் தேவையில்லை. தாயின் உடல் எந்த நிலையை நாடுகிறதோ அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்பவரையே நான் நல்ல மருத்துவமாது என்பேன்.

இவை அனைத்தையும்விட நான் பெரிதாக மதிக்கும் கேள்வி ஒன்று: "எந்தெந்த நிலைமைகளில் வைத்தியரை அழைப்பீர்கள்?" உயர் இரத்த அழுத்தம், குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருத்தல், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருத்தல், இதயத்துடிப்பில் மாற்றம், பிரசவத்துக்குப் பின் கூடுதல் இரத்தப்போக்கு என்று தயங்காமல் விளக்குபவரிடம் நம்பிச் செல்லலாம். சிசேரியன் செய்வது மருத்துவமாதரின் பணியன்று. ஆனால் அது தேவைப்படும் நேரத்தை அறிவது அவர்களது பணி. "கவலைப்படாதீர்கள், எல்லாம் இயற்கையாகவே நடக்கும்" என்று மட்டும் சொல்பவர் எவ்வளவு அன்பானவராயினும் அவரைத் தவிர்த்துவிடுங்கள். தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், 24 முதல் 28 கிழமைக்குள் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையை இயற்கைப் பிரசவத்தின் பெயரால் தட்டிக்கழிக்கவும் வேண்டாம்.

பிள்ளை பிறந்த பின் ஆறு கிழமைகள் வரை அவர்களே உங்களையும் பிள்ளையையும் பார்ப்பார்கள். முதல் நாட்களில் வீடு தேடி வருவார்கள். தாய்ப்பாலூட்டலில் சிரமம் வந்தால் அந்த வருகைகளின் அருமை தெரியும். சில சந்திப்புகளுக்குப் பின்னும் மனம் ஒப்பவில்லையென்றால், வேறொருவரை மாற்றித் தரும்படி கேட்கத் தயங்க வேண்டாம். ஆங்கிலம் சிரமமாக இருந்தால், மொழிபெயர்ப்பாளர் வசதி உண்டா என்றும் கேளுங்கள். அழைக்கும்போது, கடைசி மாதவிடாய் தொடங்கிய திகதியை எழுதி அருகில் வைத்திருங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்கள்.