தரங்கம்பாடிக்கு ஒரு நாள்

கேள்வி: மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் தனியாகச் சென்று, தரங்கம்பாடியை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப இயலுமா?

பதில்: தாராளமாக இயலும். தொலைவு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் என்பதால், காலையிலேயே புறப்பட்டால் வெயில் ஏறுமுன் ஊர்வாயிலை அடைந்துவிடலாம். டேனியர் (டென்மார்க் நாட்டவர்) கட்டிய அந்த வாயிலைக் கடந்து, ராஜ வீதியில் கடலை நோக்கி நடப்பதே இப்பயணத்தின் உயிர்; துணைக்கு ஆள் இருந்தால் பேச்சில் பாதி தவறிவிடும். வழியில் உள்ள புதிய எருசலேம் ஆலயத்தில் அவசரப்படாதீர்கள். 1706இல் வந்திறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து இவ்வூரிலேயே அச்சிட்ட ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, 1718இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வாலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். என்னைக் கேட்டால், தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவுடன் 1620இல் எழுந்த டான்ஸ்போர்க் கோட்டையைவிட, அந்த அச்சுக்கூடத்தின் கதையே நமக்கு நெருக்கமானது. கோட்டைக்கு அருகே கரையோரம் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், டேனியர் வருகைக்கு முந்நூறு ஆண்டுகள் முற்பட்ட பாண்டியர் காலத்தது. அதன் முன்பகுதியை அலைகள் கொண்டுபோய்விட்டன. கடற்கரையில் நிழல் அரிது, குடை அவசியம். திரும்பும் பேருந்தின் நேரத்தை, இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.