‘உப்பு குறைவு’ விளக்கு எரிந்தால் உப்பைக் கொட்டலாமா?

கேள்வி: எங்கள் நீச்சல் குளத்தில் உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி உள்ளது. கொள்ளளவு 50,000 லிட்டர். சில நாட்களாக ‘உப்பு குறைவு’ விளக்கு எரிகிறது. ஒரு மூட்டை உப்பு போட்டும் அணையவில்லை. சோதித்தால் குளோரின் இல்லை. சுவரோரம் பாசி படிகிறது. இன்னும் உப்பு போடலாமா?

பதில்: வேண்டாம். உப்பு அதிகமாகிவிட்டால் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

குளத்து உப்பு ஆவியாகிப் போவதில்லை. குளோரினாக மாறியதும் வேலை முடிந்தபின் மீண்டும் உப்பாகவே தண்ணீரில் தங்குகிறது. கசிவு, மழையில் நிரம்பி வழிதல், வடிகட்டியைக் கழுவுதல் போன்றவற்றில்தான் உப்பு வெளியேறும். இவை எதுவும் பெரிதாக நடக்கவில்லையென்றால் விளக்கைச் சந்தேகியுங்கள். பல கருவிகள் உப்பை நேரடியாக அளப்பதில்லை. செல்லின் (கருவியில் குளோரின் உருவாகும், உலோகத் தகடுகள் கொண்ட பகுதி) தகடுகளுக்கு இடையே பாயும் மின்சாரத்தை வைத்துக் கணக்கிடுகின்றன. தகட்டில் சுண்ணாம்பு படிந்தாலும், தண்ணீர் குளிர்ந்தாலும், செல் தேய்ந்தாலும் அதே விளக்குதான் எரியும்.

ஆகவே தனியாக அளந்து பாருங்கள். முழங்கை ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்து, உப்புச் சோதனைத் தாளிலோ மீட்டரிலோ சோதியுங்கள். பெரும்பாலான கருவிகளுக்கு 2,700 முதல் 3,400 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) வரை சரி. உங்கள் கருவியின் கையேடு சொல்வதே இறுதி. 1,000 லிட்டருக்கு 1 கிலோ உப்பு போட்டால் 1,000 பிபிஎம் கூடும். உங்கள் குளத்தில் 500 பிபிஎம் கூட்ட 25 கிலோ போதும்.

உப்பு சரியாக இருந்தால் அடுத்தது செல். மின்சாரத்தை மெயின் சுவிட்சிலேயே அணைத்துவிட்டு, செல்லைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தகடுகளுக்கு நடுவே வெள்ளைச் செதில்கள் தெரிந்தால், முதலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அதிலும் போகாவிட்டால் மட்டும் அமிலம்: 4 பங்கு தண்ணீரில் 1 பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். தண்ணீருக்குள்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்; அமிலத்துக்குள் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள். இந்தக் கலவையில் செல்லின் தகடுகளை ஊறவிட்டு, நுரை அடங்கியதும் எடுத்துக் கழுவிவிடுங்கள். கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ தகட்டில் படவே கூடாது; டைட்டானியத்தின் மேலுள்ள மெல்லிய பூச்சுதான் குளோரினை உண்டாக்குகிறது, அது சுரண்டுபட்டால் செல் வீண். அமிலமும் அந்தப் பூச்சைக் கொஞ்சம் கரைக்கும் என்பதால், படிவு இல்லாத செல்லை மாதந்தோறும் அமிலத்தில் போடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை.

படிவுக்கு மூலகாரணம் தண்ணீரின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) ஏறுவது. குளோரின் உருவாகும்போதே தகட்டருகே காரமும் உருவாகிறது. அதனால் உப்புக் குளத்தில் பி.எச். ஏறிக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறையாவது அளந்து 7.2–7.6க்குள் வையுங்கள். திறந்தவெளிக் குளமாக இருந்தால் சயனூரிக் அமிலத்தையும் பாருங்கள். அது இல்லாவிட்டால் கருவி நாளெல்லாம் தயாரிக்கும் குளோரினை வெயில் உடனுக்குடன் அழித்துவிடும். உப்புக் குளங்களுக்குப் பல தயாரிப்பாளர்கள் 60–80 பிபிஎம் பரிந்துரைக்கிறார்கள்.

பாசியை மட்டும் செல் சரியாகும்வரை விட்டுவைக்காதீர்கள். கருவி மெதுவாகத்தான் குளோரின் தரும். பிடித்துவிட்ட பாசியை அதனால் விரட்ட முடியாது. இன்று மாலையே, வெயில் தாழ்ந்தபின், திரவக் குளோரினை அதன் லேபிள் சொல்லும் அளவில் ஊற்றி, சுவர்களைத் தேய்த்து, பம்பை நிறுத்தாமல் ஓட விடுங்கள். அமிலத்தையும் குளோரினையும் ஒரே பாத்திரத்திலோ ஒரே நேரத்திலோ சேர்த்துவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். தண்ணீர் தெளிந்து குளோரின் வழக்கமான அளவுக்கு இறங்கும்வரை யாரும் குளத்தில் இறங்க வேண்டாம்.

இவ்வளவும் செய்தபின், தண்ணீர் 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தும் விளக்கு எரிந்தால், செல் ஆயுள் முடிந்திருக்கலாம். பொதுவாக 3 முதல் 7 ஆண்டுகள் உழைக்கும். புதியது வாங்குமுன் இணைப்பு வயரின் முனைகளில் துரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய செல்லை விற்பனையாளரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.